கரியைப் படித்த பெண்!

அடுப்பில் மிஞ்சுவது கரி. பாத்திரத்தின் அடியில் பிடிப்பது கரி. விளக்குச் சிமினியில் படிவதும் கரி. கையில் ஒட்டினால் உடனே கழுவுகிறோம். மானம் போனால், "முகத்தில் கரி பூசிவிட்டான்" என்கிறோம். கரிக்கு அவ்வளவுதான் மதிப்பு!

அந்தக் கரியை ஒரு பெண் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் படித்தார். பள்ளிப் பிள்ளை பாடம் படிப்பதுபோல் அக்கறையாகப் படித்தார். பெரிய விஞ்ஞானிகள் பலர் அதை ஏறெடுத்துப் பார்க்காத காலத்திலும் படித்தார். கடைசியில் என்ன ஆயிற்று? கண்ணுக்குத் தெரியாத ஒரு கரிக்குழாய் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தக் குழாயின் குணத்தை, சோதனை செய்து பார்ப்பதற்கு முன்பே, கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் அந்தப் பெண்ணும் ஒருவர்!

அவர் பெயர் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ். அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி. "கரியின் ராணி" என்பது விஞ்ஞான உலகம் அவருக்குக் கொடுத்த பட்டம்.

ஆனால் இந்த ராணி பிறந்தது அரண்மனையில் அல்ல!

ஏழைத் தெருவில் ஒரு சிறுமி

மில்ட்ரெட் 1930-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி நியூயார்க் நகரத்தில் பிறந்தாள். தாய் தந்தையர் போலந்து நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். அமெரிக்காவில் அப்போது வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். வீட்டில் பணம் இல்லை. குடியிருந்த தெருவோ முரடர்கள் நடமாடும் தெரு. தாயார் இரவெல்லாம் ஒரு அநாதை விடுதியில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

சிறுமியும் சும்மா இருக்கவில்லை. எட்டு வயதிலேயே, மூளை வளர்ச்சி குன்றிய ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சிறு கூலி வாங்கினாள். கொஞ்சம் வளர்ந்ததும் விடுமுறை நாட்களில் தொழிற்சாலைக்கும் போனாள்.

அவளுக்கு ஒரு நல்ல காலம் வயலின் உருவத்தில் வந்தது. இசைப் பள்ளி ஒன்றில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. பாதாள ரயில் ஏறி, நகரத்தின் மறுகோடியில் இருந்த அந்தப் பள்ளிக்குப் போய் வந்தாள். அங்கே வந்த மற்றப் பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடங்களில் படிப்பதைக் கண்டாள். "நல்ல பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறதா?" அது அவளுக்குப் புதுச் செய்தி!

விசாரித்தாள். நியூயார்க்கில் ஹண்டர் உயர்நிலைப் பள்ளி என்று பெண்களுக்கு ஒரு பள்ளி இருந்தது. பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நுழைவுப் பரீட்சை உண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மில்ட்ரெட் பழைய பரீட்சைத் தாள்களைத் தேடி வாங்கினாள். தானே உட்கார்ந்து படித்தாள். பரீட்சை எழுதினாள். கணக்கில் நூற்றுக்கு நூறு!

மூன்றே உத்தியோகம்!

பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் படித்து முடித்துப் பெண் என்ன செய்வது? அந்தக் காலத்து அமெரிக்காவிலும் அதற்கு மூன்று பதில்கள்தாம் இருந்தன. ஒன்று, உபாத்தியாயினி. இரண்டு, நர்ஸ். மூன்று, ஆபீசில் காரியதரிசி. பள்ளியில் சொன்ன யோசனையும் இதுதான்.

மில்ட்ரெட் உபாத்தியாயினி ஆவது என்று முடிவு செய்தாள். ஹண்டர் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே ரோசலின் யாலோ என்ற பெண்மணி பௌதிகம் நடத்தினார். அவரும் நியூயார்க்கின் எளிய குடும்பத்திலிருந்து மேலே வந்தவர். 1977-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற அந்த யாலோதான்! பரிசெல்லாம் பின்னால் வந்த கதை. அப்போது அவர் ஒரு சாதாரணக் கல்லூரி ஆசிரியை.

யாலோ இந்த மாணவியைக் கவனித்தார். இவள் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது, ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று தூண்டினார். பிற்காலத்திலும் விடாமல் ஊக்கம் கொடுத்தார்.

ஆசிரியையின் ஒரு சொல், மாணவியின் பாதையையே மாற்றியது. 1951-ல் மில்ட்ரெட் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள். புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஓராண்டு படித்தாள். திரும்பி வந்து 1953-ல் எம்.ஏ. பட்டம் பெற்றாள். பிறகு டாக்டர் பட்டத்துக்காகச் சிகாகோ பல்கலைக் கழகம் போனாள்.

தெருவில் நடந்த பாடம்

சிகாகோவில் அப்போது என்ரிகோ பெர்மி இருந்தார். 1938-ல் நோபல் பரிசு பெற்றவர். உலகத்தின் முதல் அணு உலையை 1942-ல் இயக்கிக் காட்டியவர். மில்ட்ரெட்டின் வீடும் அவர் வீடும் பக்கத்துப் பக்கத்தில். காலையில் இருவரும் ஒரே வழியாகத்தான் பல்கலைக் கழகத்துக்கு நடந்து போவார்கள்.

மாணவிக்கோ கூச்சம். அவ்வளவு பெரிய மனிதரிடம் எப்படிப் பேசுவது? பெர்மியே தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். பேச்சுக் கொடுத்தார். அன்று முதல் அது வழக்கமாயிற்று. நடந்துகொண்டே பௌதிகம்! 1954 நவம்பரில் பெர்மி காலமானார். மாணவிக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஓராண்டுதான். ஆனால், எதையும் எளிதாக யோசித்துப் பார்க்கும் பழக்கத்தை அந்த ஓராண்டிலேயே கற்றுக்கொண்டாள்.

எல்லாப் பெரியவர்களும் பெர்மியாக இருப்பார்களா? ஆராய்ச்சிக்கு வழிகாட்ட வேண்டிய பேராசிரியரோ, பெண்களுக்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை என்ற எண்ணம் உடையவர். ஆகவே மில்ட்ரெட் தன் ஆராய்ச்சியைத் தானே செய்தாள். வேண்டிய கருவியையும் தானே தயாரித்துக்கொண்டாள். 1958-ல் டாக்டர் பட்டம் கைக்கு வந்தது. அதே ஆண்டில் ஜீன் டிரெசல்ஹாஸ் என்ற பௌதிக விஞ்ஞானியைத் திருமணம் செய்துகொண்டார்.

யாருக்கும் வேண்டாத கரி

1960-ல் கணவன் மனைவி இருவரும் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே இடத்தில் வேலை கொடுப்பதில்லை என்று பல நிலையங்கள் சட்டம் வைத்திருந்த காலம் அது.

குழந்தைகள் பிறந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! ஆராய்ச்சிக் கூடத்தில் காலை 8 மணிக்கு ஆஜராக வேண்டும். நான்கு குழந்தைகளைக் கவனித்துவிட்டு வர மில்ட்ரெட் அம்மையாருக்கு எட்டரை ஆகிவிடும். அதற்குக் கண்டிப்பு!

எந்தப் பொருளை ஆராய்வது? இந்தக் கேள்விக்கு அம்மையார் கண்ட விடை விசித்திரமானது. அப்போது எல்லோரும் டிரான்சிஸ்டர் செய்ய உதவும் பொருள்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் போட்டி அதிகம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் வீட்டில் இருந்தால், அதற்குள் வேறொருவர் முந்திவிடுவார். கரியை ஆராய்ந்தால்? அங்கே கூட்டமே இல்லை! காய்ச்சல் தீர்ந்த பிறகு வந்து, விட்ட இடத்தில் தொடரலாம். கஷ்டமான பொருள்தான். ஆனால் முந்திக்கொள்ள ஆள் இல்லை.

ஒரு தாயின் கணக்கு அது. அந்தக் கணக்குத்தான் அவரைக் கரியின் பக்கம் அழைத்துச் சென்றது.

1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை ஓராண்டுக்குப் பாடம் நடத்த அழைத்தது. பாடம் சொல்லும் திறமையைக் கண்டு, 1968-ல் நிரந்தரப் பேராசிரியர் ஆக்கியது. கடைசிவரை அவர் அங்கேயே இருந்தார்.

பென்சிலுக்குள் என்ன இருக்கிறது?

விஞ்ஞானிகள் கரியைக் "கார்பன்" என்று அழைக்கிறார்கள். கார்பன் ஒன்றுதான். ஆனால் அதன் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும். ஒரு விதமாக அடுக்கினால் வைரம். வேறு விதமாக அடுக்கினால் பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்.

கிராபைட்டில் அணுக்கள் தேன்கூடு போல ஆறு மூலைக் கட்டங்களாகக் கைகோத்து நிற்கும். அது ஒரு தகடு. ஓர் அணுவின் கனமே உள்ள தகடு! புத்தகத்தின் ஏடுகள் போல இந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தகட்டுக்குள் அணுக்களின் பிடி உடும்புப் பிடி. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலோ பிடி தளர்ச்சி. ஆகவேதான் பென்சிலைக் காகிதத்தில் இழுத்தால் தகடுகள் வழுக்கி வந்து எழுத்தாக ஒட்டிக்கொள்கின்றன.

புத்தக ஏடுகளுக்கு நடுவே பிள்ளைகள் மயிலிறகு வைப்பார்கள் அல்லவா? அம்மையாரும் அதைத்தான் செய்தார். 1970-களில், கிராபைட் ஏடுகளுக்கு நடுவே வேறு பொருள்களின் அணுக்களைச் செருகினார். மின்சாரம் எப்படி ஓடுகிறது, வெளிச்சம் பட்டால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார். பிரமாதமான செய்தி எதுவும் இல்லை. பொறுமையான வேலை. ஆனால் அந்த வேலையால், கார்பன் அணு எங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்கு அத்துபடி ஆயிற்று.

நானோ என்றால் என்ன?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டால், ஒரு பங்கின் பெயர் நானோ மீட்டர். தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 80,000 நானோ மீட்டர். நம் விரல் நகம் ஒரு விநாடியில் வளரும் அளவு ஏறத்தாழ ஒரு நானோ மீட்டர். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் நகம் சில நானோ மீட்டர் வளர்ந்துவிடும்!

இவ்வளவு சிறிய அளவில் பொருள்களை உருவாக்கிப் பயன்படுத்தும் வித்தைக்கு நானோ தொழில்நுட்பம் என்று பெயர். 1959-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி, ரிச்சர்டு பெயின்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கூட்டத்தில் பேசினார். சின்னஞ்சிறு உலகத்தில் ஏராளமான இடம் காலியாக இருக்கிறது. அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பொருள் செய்ய இயற்கை தடை சொல்லவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டவர்களில் சிலர் வேடிக்கை என்றே நினைத்தார்கள். 1974-ல் ஜப்பானிய விஞ்ஞானி நோரியோ தனிகுச்சி இந்த வித்தைக்கு "நானோ தொழில்நுட்பம்" என்று பெயர் வைத்தார்.

பெயர் வந்தது. பொருள்?

பந்து வந்தது, குழாய் வந்தது

1985-ல் அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக் கழகத்தில் ஒரு பந்து கிடைத்தது. கார்பன் அணுக்கள் அறுபது சேர்ந்து, கால்பந்து போல் உருண்டு நின்றன. கண்டுபிடித்த குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகிய மூவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பந்தைப் பாதியாக வெட்டி, இரண்டு பாதிக்கும் நடுவே கார்பன் அணுக்களைச் சேர்த்து நீட்டிக்கொண்டே போனால்? இரு பக்கமும் மூடி போட்ட குழாய் வரும்! இப்படி ஒரு குழாய் இருக்குமானால் அதன் அமைப்பு எப்படி இருக்கும் என்று 1991-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு விஞ்ஞானக் கூட்டத்தில் அம்மையார் பேசினார். அது வெறும் யோசனைதான்.

மூன்றே மாதம்! நவம்பரில் ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. சுகுபா நகரில் என்.இ.சி. கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த சுமியோ ஐஜிமா, இரண்டு கார்பன் கம்பிகளுக்கு நடுவே மின்பொறி பாயவிட்டபோது படிந்த கரியை எடுத்தார். எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். ஊசி போன்ற இழைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் குழாய். குழாய்க்குள் குழாயாக இரண்டு முதல் ஐம்பது அடுக்கு வரை! 1993-ல் ஒரே அடுக்குள்ள குழாயும் கிடைத்தது. அதன் குறுக்களவு சுமார் ஒரு நானோ மீட்டர். இதுதான் கார்பன் நானோ குழாய்.

இப்படிப்பட்ட இழைகளை 1976-லேயே ஜப்பானிய விஞ்ஞானி மோரினோபு எண்டோ படம் பிடித்திருந்தார். அப்போது உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஐஜிமா காட்டியபோதுதான் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள்!

குழாயின் பலமோ பிரமிக்க வைப்பது. எஃகைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்கும். எடையோ எஃகின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு!

பாய் சுருட்டும் கணக்கு

இனிதான் அம்மையாரின் பெரிய வேலை வருகிறது.

கோடு போட்ட கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சுருட்டினால், கோடுகள் வளையல் போல வட்டம் வட்டமாக வரும். மற்றொரு பக்கமாகச் சுருட்டினால், கோடுகள் மூங்கிலின் நீளவாட்டில் ஓடும். மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டினால், திருகாணி போலச் சுற்றிச் சுற்றி வரும். பாய் ஒன்றே. சுருட்டும் விதம் வேறு.

நானோ குழாயும் அப்படித்தான். தேன்கூட்டுத் தகட்டைச் சுருட்டியது போன்ற அமைப்பு அது. எந்தச் சாய்வில் சுருண்டிருக்கிறது என்பதை இரண்டு எண்களால் குறிப்பார்கள்.

1992-ல் அம்மையாரும், அவர் கணவரும், ஜப்பானிய விஞ்ஞானிகள் சைட்டோ, புஜிட்டா ஆகியோரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். விடை அவர்களையே திகைக்க வைத்தது. ஒருவிதமாகச் சுருண்ட குழாயில் செம்புக் கம்பியில் ஓடுவதுபோல மின்சாரம் ஓடும்! வேறு விதமாகச் சுருண்ட குழாயோ டிரான்சிஸ்டர் செய்யும் பொருள்போல நடக்கும். மின்சாரத்தை விடச் சொன்னால் விடும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தும்! ஒரே கரி; ஓர் அணுவைக்கூட மாற்றவில்லை. சுருண்ட சாய்வு மட்டுமே வேறு. அதே ஆண்டில் வேறு இரண்டு விஞ்ஞானக் குழுக்களும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தன.

எந்தக் குழாய் எப்படி நடக்கும் என்று அறியும் வழி, ஆரம்பப் பள்ளிக் கணக்கு! குழாயின் இரண்டு எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடையை மூன்றால் வகுங்கள். மீதி வராவிட்டால் அது உலோகம் போன்ற குழாய். மீதி வந்தால் டிரான்சிஸ்டருக்கு ஏற்ற குழாய். பத்து, பத்து என்ற எண்கள் உள்ள குழாயில் கழித்தால் பூஜ்யம், மீதி இல்லை, அது உலோகம் போன்றது. பத்து, ஐந்து என்றால் கழித்தது ஐந்து, மூன்றால் வகுத்தால் மீதி உண்டு, அது டிரான்சிஸ்டருக்கு.

இது ஏன் இப்படி? மின்சாரம் என்பது எலெக்ட்ரான்களின் ஓட்டம். எலெக்ட்ரான் அலைபோல் நடக்கும். சிக்குக் கோலத்தின் கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும் அல்லவா? எலெக்ட்ரான் அலையும் குழாயைச் சுற்றி வந்து, தன் தலையிலேயே பொருந்த வேண்டும். சுருண்ட சாய்வு மாறினால், எந்த அலை பொருந்தும் என்பதும் மாறுகிறது. அதனால் மின்சாரம் ஓடும் விதமும் மாறுகிறது.

காகிதத்தில் போட்ட கணக்கு மெய்தானா? ஆறு ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது. 1998-ல் ஹாலந்திலும் அமெரிக்காவிலும் விஞ்ஞானிகள் ஒற்றைக் குழாயை எடுத்துச் சோதித்தார்கள். கணக்குச் சொன்னது அப்படியே பலித்தது!

கலந்து கிடக்கும் நெல்லும் பதரும்

ஆனால் ஒரு சங்கடம். குழாய்களைத் தயாரிக்கும்போது எல்லாவிதமும் கலந்து விளைகின்றன. சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு உலோகம் போன்றவை. டிரான்சிஸ்டர் செய்பவனுக்கு அவை நெல்லில் கலந்த பதர். நெல்லையாவது முறத்தில் போட்டுப் புடைக்கலாம். நானோ குழாயை எப்படிப் புடைப்பது?

2013-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். முதலில் நல்ல குழாய்களில் மின்சாரம் ஓடாதபடி நிறுத்திவைத்தார்கள். பிறகு பலமான மின்சாரத்தைச் செலுத்தினார்கள். நிறுத்தச் சொன்னாலும் நிற்காத உலோகக் குழாய்களில் மட்டும் அது பாய்ந்தது. அவை எரிந்து போயின! இப்படி 178 டிரான்சிஸ்டர்கள் கொண்ட முதல் நானோ குழாய்க் கம்ப்யூட்டர் வந்தது. 2019-ல், அம்மையார் பணியாற்றிய அதே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 14,000-க்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கொண்ட நானோ குழாய்ச் செயலி செய்யப்பட்டது.

இன்றும் நம் கையில் இருக்கும் செல்போனின் மூளை சிலிக்கானால் ஆனதுதான். ஆனால் நானோ குழாய் வேறு வழிகளில் வேலைக்கு வந்துவிட்டது. லித்தியம் பாட்டரிக்குள் மின்சாரம் தடையின்றி ஓட இதைச் சேர்க்கிறார்கள். சைக்கிள் சட்டம் போன்றவற்றில் பிசினோடு கலந்து பலம் ஏற்றுகிறார்கள். 2014-ல் இங்கிலாந்தில், நானோ குழாய்களைப் புல்வெளி போல நெருக்கமாக நிற்கவைத்து ஒரு கறுப்புப் பூச்சுச் செய்தார்கள். அது தன்மேல் விழும் வெளிச்சத்தில் 99.965 சதவிகிதத்தை விழுங்கிவிடுகிறது. கரியிலும் கரி!

எச்சரிக்கையும் உண்டு. நீண்டு விறைத்த சில வகைக் குழாய்த் தூளை மூச்சில் இழுத்தால் கெடுதல் வரலாம் என்று விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டின. அப்படிப்பட்ட ஒரு வகையை, "புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்" என்ற பட்டியலில் 2014-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் சேர்த்தது. ஆகவே தொழிற்சாலைகளில் தூள் பறக்காமல் கட்டுப்பாடு வேண்டும்.

கீழடிப் பானையில்!

இந்தக் குழாய் மனிதனுக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். 2006-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள், பதினேழாம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் சிறு துண்டை ஆராய்ந்தார்கள். உள்ளே கார்பன் நானோ குழாய்கள்! அந்த வகை வாள்களுக்குப் பேர்போன உருக்கு, தென்னிந்தியாவில் காய்ச்சப்பட்டுக் கடல் கடந்து போனதாகும்.

2020-ல் இன்னொரு செய்தி. மதுரைக்கு அருகே கீழடியில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளின் கரிய பூச்சிலும் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாகத் தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்!

பானை வனைந்த குயவருக்கும் உருக்குக் காய்ச்சிய கொல்லருக்கும் இது தெரியுமா? தெரியாது. பூச்சு நிலைத்தது, வாள் கூர்மையாக இருந்தது, அவர்களுக்கு அது போதும். கைத்திறமை அவர்களிடம் இருந்தது. கைக்குள் இருந்தது இன்னதென்று காண, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.

பொருள் எப்போதும் இருக்கிறது. அதைப் படிக்க ஆள் வேண்டும்!

கடைசிவரை மாணவி

பட்டங்களும் பரிசுகளும் அம்மையாரைத் தேடி வந்தன. 2012-ல் நார்வே நாட்டின் காவ்லி பரிசு, நானோ விஞ்ஞானத்துக்காக அவர் ஒருவருக்கே கிடைத்தது. 2014-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா நாட்டின் உயர்ந்த விருதை அவருக்கு அணிவித்தார். அறுபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார்கள். விஞ்ஞானம் படிக்க வந்த இளம் பெண்களுக்கோ அவர் தாய் போல. யாலோ தமக்குச் செய்ததை அவர் மற்றவர்களுக்குச் செய்தார்.

எண்பது வயதைத் தாண்டிய பிறகும், பொழுது விடியும் முன்பே ஆராய்ச்சி அறைக்கு வந்துவிடுவார். எட்டரைக்கு வருகிறார் என்று ஒரு காலத்தில் கண்டிக்கப்பட்டவர்தான் அவர்!

2017-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, 86-வது வயதில் அவர் காலமானார்.

பழைய பரீட்சைத் தாளைத் தேடி வாங்கித் தானே படித்த ஏழைச் சிறுமி; பெண்ணுக்கு இடமில்லை என்று சொன்ன இடத்தில் தனியே படித்த மாணவி; நான்கு குழந்தைகளுக்கு நடுவே, யாருக்கும் வேண்டாத கரியைப் படித்த தாய். மூவரும் ஒருவரே. உலகம் கரியை மதிக்கத் தொடங்கியபோது மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்தார்கள். அவர் முப்பது ஆண்டுப் பாடத்தை ஏற்கனவே முடித்திருந்தார்.

அடுத்த முறை அடுப்புக் கரியைக் கையில் எடுக்கும்போது, வீட்டில் படிக்கும் பெண் குழந்தை இருந்தால், கழுவும் முன் இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள்!